பல துறை கலந்த, கைவேலை மிகுந்த பொறியியல் படிப்பு: பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் பெற்றோருக்கும் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் கவுன்சலிங் நேரத்தில் மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் அண்டு ஆட்டோமேஷன், இன்ஜினியரிங் டிசைன் போன்ற பெயர்களைப் பார்த்து யோசிப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸா, ஈசிஇ-யா (எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்) என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை.

இந்த வகைப் படிப்புகள் எவை?

இயந்திரம், மின்சாரம், மின்னணு, கணினி ஆகியவற்றை ஒரே பாடத்திட்டத்தில் கோத்தவை. இவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மெக்கட்ரானிக்ஸ். ரோபாட்டிக்ஸ் அண்டு ஆட்டோமேஷன் அதற்கு நெருங்கிய உறவு. பயோமெடிக்கல் உடலியலையும் மின்னணுவையும் சேர்க்கிறது. ஆட்டோமொபைல், இன்ஸ்ட்ருமென்டேஷன் போன்ற பழைய பிராஞ்சுகளும் உண்மையில் கலப்புப் படிப்புகள்தான். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) 1949-இல் தொடங்கியபோதே ஏரோநாட்டிகல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆகியவற்றைத்தான் கையில் எடுத்தது. புதுப் பெயர் இருந்தால்தான் பல துறை கலந்த படிப்பு என்று எண்ண வேண்டாம்.

மெக்கட்ரானிக்ஸில் என்ன படிப்பார்கள்? எது விடுபடும்?

பொருள்களின் வலிமை, இயந்திரங்களின் இயக்கவியல், மின் இயந்திரங்கள், சென்சார்கள், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், மைக்ரோகன்ட்ரோலர், பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), ஹைட்ராலிக்ஸ், நியூமாட்டிக்ஸ் (திரவ, காற்றழுத்த இயக்கம்), கேட்-கேம் (கணினி வழி வடிவமைப்பும் தயாரிப்பும்), ரோபாட்டிக்ஸ் ஆகியவை பொதுவாக எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு.

இத்தனையும் நான்கு ஆண்டில் அடங்க வேண்டுமானால் சில பாடங்கள் சுருங்கத்தான் செய்யும். மெக்கானிக்கல் மாணவருக்குக் கிடைக்கும் அளவு தெர்மோடைனமிக்ஸும் வெப்பப் பரிமாற்றமும் இங்கே கிடைக்காது. ஈசிஇ மாணவர் படிக்கும் விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு), மின்காந்தப் புலங்கள், தகவல் தொடர்பு ஆகியவை பெரும்பாலும் இருக்காது. டர்பைன் வடிவமைப்போ சிப் வடிவமைப்போ உங்கள் குறி என்றால் இந்தப் பக்கம் வராமல் நேராக அந்தந்த பிராஞ்சுக்கே போங்கள்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு எதிலும் ஆழமில்லாமல் போய்விடாதா?

போகலாம். இந்தப் படிப்புகளைப் பற்றிய நியாயமான அச்சம் இதுதான். ஆனால் கலப்பில் தவறில்லை. கலந்ததை ஒரு பொருளில் சேர்த்து வேலை செய்ய வைக்கும் பயிற்சி இல்லாமல் போவதுதான் தவறு. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலாண்டு மாணவர்கள் வழக்கமாகச் செய்வது கோட்டைப் பின்தொடரும் சிறு ரோபோ. ஒரு ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), ஒரு எல்298 மோட்டார் டிரைவர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்), இரண்டு மஞ்சள் கியர் மோட்டார்கள், ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி. மேசையில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சோதிக்கும்போது நன்றாக ஓடும். தரையில் வைத்தால் துடித்துத் துடித்து நிற்கும். கணினி ஆர்வமுள்ள மாணவர் நிரலில் பிழை தேடுவார். இயந்திர ஆர்வமுள்ளவர் கியர் இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெய் விடுவார். இரண்டும் காரணமல்ல. மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சதுர பேட்டரியின் உள்மின்தடை அதிகம் என்பதால் அப்போது அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். அதே பேட்டரியிலிருந்து உயிர் வாழும் ஆர்டுயினோ ரீசெட் ஆகும். மோட்டார் நிற்கும், மின்னழுத்தம் மீளும், நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துடிப்புக்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். இதோடு எல்298 டிரைவரே 1 ஆம்பியர் ஓட்டத்தில் 2 முதல் 3 வோல்ட் வரை தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும்; இந்த மோட்டார்களுக்கு அது தாராளம். மோட்டார் மின்வழியில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, மோட்டார் முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று போட வேண்டும். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை டிரைவராக டிபி6612 போட்டால் வீணாகும் மின்னழுத்தம் பெரிதும் குறையும். ஆர்டுயினோவுக்குத் தனி மின்சாரம் கொடுத்தால் இரண்டு கிரவுண்டுகளையும் இணைக்க மறக்கக் கூடாது. மறந்தால் சிக்னலுக்குத் திரும்பும் பாதை இல்லாமல் ரோபோ தன்பாட்டுக்கு ஆடும்.

நிரல், கியர், பேட்டரி என்று குற்றவாளியைப் பிரித்தறிய முதலில் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கத் தோன்ற வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்கும் கல்லூரியில் கலப்புப் படிப்பு மிக நல்ல படிப்பு. கொடுக்காத கல்லூரியில் அது நான்கு பிராஞ்சுகளின் முதல் அத்தியாயங்களை மட்டும் வைத்துத் தைத்த தொகுப்பாகவே முடியும்.

மெக்கானிக்கல் எடுத்து மைனர் படிப்பது மேலா, நேராக மெக்கட்ரானிக்ஸ் எடுப்பது மேலா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, வழக்கமான பட்டத்துக்கு மேல் 18 கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) கூடுதலாகப் படித்தால் வேறொரு துறையில் மைனர் பெறலாம். தலா 3 கிரெடிட் என்றால் 6 பாடங்கள். பொதுவாக மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றிரண்டு பாடம் கூடும். மதிப்பெண் நிபந்தனை உண்டு. அரியர் வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புதிய ஒழுங்குமுறைகளிலும் விதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் போவது என்று இன்னும் உறுதியில்லாதவருக்கு எங்கள் பரிந்துரை மெக்கானிக்கல், இஇஇ, ஈசிஇ போன்ற ஓர் அடிப்படைத் துறையும் அதோடு மைனரும்தான். பட்டத்தின் பெயர் எங்கும் செல்லும், மனம் மாறினால் மைனரை விட்டுவிடலாம். ஆட்டோமேஷன்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவருக்கு மெக்கட்ரானிக்ஸ் நல்லது. அதே பாடங்களை வரிசையாக, ஒன்றை ஒன்று தாங்கும்படி படிக்கலாம். மைனரில் அந்த வரிசை கிடைப்பதில்லை.

மைனர் இருக்கிறது என்று அறிவிப்பில் போட்டிருந்தால் மட்டும் போதாது. கடந்த ஆண்டு எத்தனை பேர் அதை முடித்தார்கள் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். போதிய மாணவர் சேராததால் வகுப்பே நடக்காத மைனர்கள் இருக்கின்றன.

கைவேலை எவ்வளவு என்பதைப் பாடத்திட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும்: விரிவுரை, டுடோரியல், செய்முறை ஆகியவற்றின் வார நேரங்கள், கடைசியில் கிரெடிட். விரிவுரை 1 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். செய்முறை 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். 3-0-0-3 என்றால் முழுக்கத் தியரி. 3-0-2-4 என்றால் தியரியோடு லேப் சேர்ந்த பாடம். 0-0-4-2 என்றால் தனி லேப்.

மூன்றாவது எண்ணை மட்டும் எட்டுப் பருவத்துக்கும் கூட்டுங்கள். கடைசிப் பருவத்தின் புராஜெக்டைத் தனியாக ஒதுக்கிவிட்டுக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அதற்கு மட்டும் வாரம் 20 மணி நேரம் என்று போட்டுக் கணக்கை வீங்க வைத்திருப்பார்கள். பிறகு இந்த மணி நேரங்கள் எந்த ஆண்டில் வருகின்றன என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு வரை புராஜெக்ட் எதுவுமே இல்லாத பாடத்திட்டத்தை நாங்கள் கைவேலைப் படிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

வாரம் 3 மணி நேர லேப் ஒரு பருவத்துக்கு 45 பீரியட். 6 பேருக்கு ஒரு மேசை என்றால், சமமாகப் பங்கு போட்டாலும் ஒருவர் கைக்கு வருவது 7 அல்லது 8 பீரியட்தான். 2 பேருக்கு ஒரு மேசை என்றால் 22. தாளில் இரண்டும் ஒரே பாடம்.

இணைப்புக் கல்லூரிகள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தையே நடத்துவதால் அவற்றுக்கிடையே தாளை ஒப்பிட்டுப் பயனில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத்தான் இந்தக் கூட்டல் உதவும். மற்றவற்றை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

வரவேற்பறையில் உள்ள ரோபோவை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். லேத்தின் அடியில் உலோகச் சீவல் கிடக்கிறதா? புதுப் பெயின்ட் மினுங்கும், சீவல் ஒன்றுகூட இல்லாத லேத் ஓடுவதில்லை. 3டி பிரின்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதா, பாதி அச்சான துண்டோடு இருக்கிறதா? சாலிடரிங் அயர்ன் நுனி கறுத்துத் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. பிஎல்சி பயிற்சிப் பலகையில் வயர்கள் மாணவர் பிடுங்கிச் செருகிய தடத்தோடு இருக்க வேண்டும்.

பிறகு லேப் உதவியாளரிடம் பேசுங்கள். கல்லூரியின் உண்மை நிலவரம் அவருக்குத்தான் தெரியும். மாலையில் சாவி யாரிடம் இருக்கும், மாணவர் ஒரு மோட்டார் டிரைவரை எரித்துவிட்டால் யார் பணம் கட்டுவது, புதுப் பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். எரித்தால் அபராதம் என்ற இடத்தில் மாணவர்கள் எதையும் தொடமாட்டார்கள். 200 ரூபாய்ப் பாகத்துக்கு மூன்று கையெழுத்தும் ஒரு மாதமும் ஆகும் இடத்தில், அந்தப் பருவத்துக்குள் எந்த புராஜெக்டும் இரண்டாம் முயற்சியைப் பார்க்காது. கைவேலை என்பதே இரண்டாவது, மூன்றாவது முயற்சிதான்.

கல்லூரிப் பேருந்து நேரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறையவே. தனியார் கல்லூரிகள் பலவற்றில் மாலை நாலு, நாலரைக்குப் பேருந்துகள் மொத்தமாகக் கிளம்பிவிடும். லேப் மாலையில் திறந்திருந்தாலும் ஹாஸ்டல் மாணவருக்கு மட்டுமே அது திறந்திருப்பதாகப் பொருள். பெண்பிள்ளைகள் இதில் அதிகம் இழக்கிறார்கள்: ஹாஸ்டலில் இருந்தாலும் ஆறு, ஆறரைக்குள் உள்ளே வரவேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு, ஆண்பிள்ளைகளுக்கு அதே விதி தளர்வாக இருக்கும். கார்ப் பந்தய அணி, ரோபாட்டிக்ஸ் கிளப் எல்லாம் இயங்குவது மாலை ஐந்துக்கு மேல்தான். ஆகவே இரண்டாவது டிரிப் பேருந்து உண்டா, பெண்கள் விடுதிக்கு லேப் அனுமதிச் சீட்டு முறை உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். பெற்றோர் கூச்சப்படாமல் கேட்கலாம். இதுவும் படிப்பைப் பற்றிய கேள்விதான்.

என்பிஏ அங்கீகாரம் இருக்கிறது என்கிறார்களே?

நாக், என்பிஏ இரண்டும் கல்வித் தரத்தை மதிப்பிட்டு வழங்கும் அங்கீகாரங்கள். நாக் கல்லூரி முழுவதற்கும் தரப்படுவது. என்பிஏ ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் வாங்கிய என்பிஏ, போன ஆண்டு தொடங்கிய ரோபாட்டிக்ஸுக்குப் பொருந்தாது. குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிராஞ்ச் விண்ணப்பிக்க முடியும். ஆகவே புது பிராஞ்சுக்கு என்பிஏ இல்லாதது குற்றமல்ல. இருக்கிறது என்று சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்ய எண்ணுவோர் கவனிக்க: பொறியியல் பட்டங்களை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. ஆனால் என்பிஏ டயர் 1 பிரிவில் (தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமான பிரிவு) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அந்த உடன்படிக்கையின் பயன் கிடைக்கும்.

அரசு வேலைக்கும் கேட் தேர்வுக்கும் சிக்கல் வருமா?

சில இடங்களில் வரும். எம்.டெக். சேர்க்கைக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் பயன்படும் கேட் தேர்வில் மெக்கட்ரானிக்ஸுக்கென்று தாள் கிடையாது. மெக்கானிக்கல் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் தாளை எழுதுகிறார்கள். மெக்கானிக்கல் தாள் எழுதினால் தெர்மோடைனமிக்ஸ், வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல் மூன்றையும் சொந்தமாகப் படித்தாக வேண்டும்.

பொதுத்துறை நிறுவனங்களும் டிஎன்பிஎஸ்சியும் அறிவிப்பில் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்கும்போது உங்கள் பிராஞ்ச் பட்டியலில் இல்லாமல் போகலாம். இணையானது என்று அரசாணை இருந்தால் ஏற்பார்கள், இல்லாவிட்டால் அலைச்சல்தான். அரசு வேலைதான் குறி என்றால் அந்தப் பதவிக்கான கடைசி இரண்டு அறிவிப்புகளை எடுத்து, கல்வித்தகுதிப் பத்தியை இப்போதே படித்துவிடுங்கள்.

கட்ஆஃப் எப்படிக் கணக்கிடுவது? சாய்ஸ் ஃபில்லிங்கில் என்ன தவறு நடக்கிறது?

கணிதத்தை அப்படியே எடுத்து, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு வரும். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92 + 44 + 42 = 178.

சாய்ஸ் பட்டியலில் அதிகம் நடக்கும் தவறு, 'கிடைத்துவிடும்' என்று தோன்றுவதை மேலே போடுவது. ஒதுக்கீடு மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் கீழே உள்ள வாய்ப்பு எதுவும் குறையாது. ஆனால் எளிதானதை மேலே போட்டால் அதுவே கிடைத்து முடிந்துவிடும். விரும்பும் வரிசையிலேயே போடுங்கள், நிறையப் போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. உறுதி செய்யாமல் விட்டால் இடம் போய்விடும். ஆண்டுதோறும் சிலர் இப்படி இழக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தயாராக வைத்திருங்கள்.

ஐஐடி மெட்ராஸின் இன்ஜினியரிங் டிசைன் எப்படிப்பட்டது?

இயந்திரவியல், மின்னணுவியல், வடிவமைப்பு மூன்றையும் ஒரு பொருளை உருவாக்கும் நோக்கில் சேர்த்துக் கற்பிக்கும் துறை. மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் எனர்ஜி நிறுவனத்தை 2013-இல் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் இந்தத் துறையில் படித்தவர்கள். மின் ஸ்கூட்டரில் பேட்டரி, மோட்டார், சேசிஸ், மென்பொருள் நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதை நினைத்தால் இந்தப் படிப்பின் பொருத்தம் புரியும். வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் புத்தாக்க மையமும் இருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி ஜோசா என்ற அகில இந்தியக் கவுன்சலிங் வழியாகத்தான் நுழைய முடியும். வேறு பிராஞ்சில் பிடெக் சேர்ந்தவர்கள் ரோபாட்டிக்ஸ், டேட்டா சயின்ஸ் போன்றவற்றில் இரட்டைப் பட்டத்துக்கு மாறும் வழியும் அங்கே உண்டு.

சாண்ட்விச் படிப்பு என்றால்?

வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் மாறி மாறி வரும் 5 ஆண்டுப் படிப்பு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி இதற்குப் பெயர்பெற்றது. ஓராண்டு கூடுதலாகப் போகிறதே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உற்பத்தித் துறையில் வேலை செய்ய உண்மையாகவே விரும்புபவருக்கு அந்த ஓராண்டு வீண் அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாலிடெக்னிக் முடித்தவர் சேரலாமா?

நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனி கவுன்சலிங். கைவேலையில் இவர்கள் மற்றவர்களை விட முன்னால் இருப்பார்கள். தடுக்குவது கணிதத்தில். முதலாண்டு கால்குலஸையும் மேட்ரிக்ஸையும் படிக்காமலேயே தாண்டி வந்துவிடுவதால், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் லாப்லாஸ் மாற்றம் வரும்போது திணறல் தொடங்கும். சேரும் முன்பே டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் வரை என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் இணையப் பாடங்கள்) காணொளிகளில் படித்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தைத் தாண்டலாம்.

புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்களே, பிறகு கைவேலை எதற்கு?

வாங்கியது வைவா (கல்லூரி வாய்மொழித் தேர்வு) வரை தாங்கும். வேலைக்கான நேர்காணலில், 'இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? டார்க் (முறுக்குவிசை) எவ்வளவு?' என்ற இரண்டு கேள்விக்கு மேல் தாங்காது. சொந்தமாகச் செய்து பாதி வேலை செய்யும் கருவியும், அது ஏன் மீதிப் பாதி வேலை செய்யவில்லை என்ற அளவீடுகளும் கையில் இருந்தால் அரை மணி நேரம் பேசலாம். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் பந்தயங்களில், ஓட்டத்தோடு வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று துருவிக் கேட்பதுதான் அங்கே தேர்வு.

வகுப்பு தொடங்குமுன் உள்ள இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்?

பெரிய ரோபோ கிட் எதையும் வாங்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சாலிடரிங் அயர்ன், ஒரு ஸ்டீல் வெர்னியர், ஒரு ஆர்டுயினோ போதும். சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவில் ஒரே நடையில் இவற்றை முடித்துவிடலாம். மல்டிமீட்டரை ஆம்பியர் துளையில் செருகி வைத்துக்கொண்டு பேட்டரியின் மின்னழுத்தத்தை அளக்காதீர்கள். ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். முதல் நாள் எல்லோரும் செய்வது அதுதான்.

வீட்டில் பழுதான மிக்ஸி, மின்விசிறி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரியுங்கள். மின்விசிறியின் கெபாசிட்டரைத் தொடுமுன் அதன் முனைகளை ஒரு மின்தடை வழியாக டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரில் அளந்து தாளில் வரைந்து பாருங்கள். 3டி பிரின்டிங் வசதி கிடைத்தால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: 3 மி.மீ. என்று வரைந்த துளை அச்சில் சற்றுச் சிறியதாகவே வரும், எம்3 ஸ்க்ரூ போக 3.2 முதல் 3.4 மி.மீ. வரையுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அதை வைத்தால் வளைந்துபோகும். வெயிலில் நிற்க வேண்டிய பாகத்துக்கு ஏபிஎஸ் அல்லது பெட்ஜி பயன்படுத்துங்கள்.